முதல் நாள் ஓடிய பிரிண்டர் மறுநாள் ‘ஆஃப்லைன்’ ஆவது ஏன்?

கேள்வி இது: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், ஃபைபர் இணைப்பு. வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்றை வாங்கி விண்டோஸ் 11 லேப்டாப்பில் சேர்த்திருக்கிறார்கள். முதல் நாள் நன்றாக ஓடியது, மறுநாள் ‘ஆஃப்லைன்’ என்கிறது. நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் ஓடுகிறது, இரண்டு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. பேசாமல் கேபிளில் போட்டுவிடலாமா? வீட்டில் பழைய கேனான் எல்பிபி2900 லேசரும் சும்மா கிடக்கிறது. அதையும் எல்லாரும் பயன்படுத்துகிற மாதிரி வைக்க முடியுமா?

பிரிண்டர் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. நீக்கிவிட்டுச் சேர்த்தால் ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுதான் துப்பு. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர், நெட்வொர்க்கில் வீட்டு எண் மாதிரியான ஓர் ஐபி எண்ணை வாடகைக்குத்தான் விடுகிறது. இன்று பிரிண்டருக்கு 192.168.1.5 கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் அதைக் குறித்துக்கொள்கிறது. ராத்திரி பிரிண்டரை அணைத்தீர்கள், அல்லது கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலை அந்த 5-ஐ யாருடைய போனோ பிடித்துக்கொண்டது, பிரிண்டருக்கு 9 கிடைத்தது. லேப்டாப் இன்னும் 5-ன் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. பதில் வராததால் ஆஃப்லைன் என்கிறது. புதிதாகச் சேர்க்கும்போது 9-ஐத் தேடிக் கண்டுபிடிக்கிறது, அதனால் ‘சரியாகிவிட்டது’ போலத் தோன்றுகிறது. எண் மாறாமல் கட்டிப்போட்டால் பாதித் தலைவலி தீரும். அதற்கு வருவதற்கு முன் கேபிள் விஷயத்தை முடித்துவிடலாம்.

ஒரே கம்ப்யூட்டர், அதுவும் பிரிண்டர் இருக்கிற மேஜையிலேயே இருக்கிறது என்றால் கேபிள்தான் சரி. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. போனிலிருந்தும் அச்சடிக்க வேண்டும், வீட்டில் இரண்டு மூன்று லேப்டாப் இருக்கிறது என்றால்தான் வைஃபைக்கு மெனக்கெடலாம். ஆனால் வைஃபையில் போடுவதாக இருந்தாலும் கேபிள் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ‘பிரிண்டரில் கோளாறா, நெட்வொர்க்கில் கோளாறா’ என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துக் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

கடையில் ‘பிரிண்டர் கேபிள்’ என்று கேட்டாலே போதும். ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை மேல் மூலைகள் வெட்டிய சதுரமாகவும் இருக்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தொங்கவிட்டிருப்பார்கள். யூஎஸ்பி 2.0 விதிப்படி சாதாரண கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் சிப் வைத்த ‘ஆக்டிவ்’ கேபிளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கச் செய்தி போகும், படம் நிறைந்த பத்துப் பக்கம் பாதியில் நிற்கும். ஒன்றரை மீட்டர் வாங்கி, பிரிண்டரைக் கிட்டே நகர்த்துவது நல்லது. டைப்-சி மட்டுமே உள்ள லேப்டாப்புக்குச் சதுர முனையும் டைப்-சி முனையும் உள்ள கேபிளே கிடைக்கிறது. தனிக் கரண்ட் இணைப்பு இல்லாத மலிவு யூஎஸ்பி ஹப் வழியாக மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

புதுப் பிரிண்டரின் யூஎஸ்பி ஓட்டைமேல் சில கம்பெனிகள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டரைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை முதலில் போடு, அது கேட்கும்போது கேபிளைச் செருகு என்பது அதன் பொருள். முந்திக்கொண்டு செருகினால் விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான டிரைவரை மாட்டிவிடும். அச்சு வரும். ஆனால் ஸ்கேன் பொத்தான், இங்க் அளவு, பேப்பர் வகை எல்லாம் காணாமல் போயிருக்கும். டிரைவரைக் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைத் தட்டியே எடுங்கள். தேடலில் முதலில் வருகிற ‘டிரைவர் டவுன்லோடு’ தளங்கள் பல, கூடவே வேண்டாத சாமான்களையும் இறக்கிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேபிளை ஒரு நாள் இடது பக்க ஓட்டையிலும் மறுநாள் வலது பக்கத்திலும் செருகினால், சில பிரிண்டர்களை விண்டோஸ் வேறு பிரிண்டராக நினைத்துக்கொள்ளும். பட்டியலில் அதே பெயர் ‘காப்பி 1’ என்ற வாலுடன் இன்னொரு முறை வரும். நீங்கள் பழைய பெயருக்கு அனுப்புவீர்கள், அது ஆஃப்லைன் என்று சொல்லும். எப்போதும் ஒரே ஓட்டை என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

இனி வைஃபை. வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருக்கும். முதல்முறை போன் ஆப் வழியாகச் சேர்க்கும்போது போன் 5-ல் இருந்தால் சில மாடல்கள் திணறும். அப்போது ரவுட்டர் அமைப்பில் போய் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, போனை அதில் மாட்டிச் சேருங்கள். சேர்ந்த பிறகு லேப்டாப்பையும் 2.4-க்கு மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகளும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள்தான். லேப்டாப் 5-லேயே இருக்கட்டும்.

ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு வகை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்றிருந்தால் கொஞ்சம் பழைய மாடல்கள் உள்ளே வராது. டபிள்யூபிஏ2, அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள். ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் அதை அமுக்கி இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் அமுக்கிச் சேர்க்கலாம், பாஸ்வேர்டே தட்ட வேண்டாம். ‘கெஸ்ட்’ வைஃபையில் மட்டும் சேர்க்காதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்புப் போட்டிருக்கும். இணையம் ஜோராக ஓடும், பிரிண்டர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

‘டைரக்ட்’ என்று தொடங்கும் வைஃபை பெயர் ஒன்று உங்கள் பட்டியலில் தெரிந்தால் அது பிரிண்டரே ஒலிபரப்புவது. ரவுட்டர் இல்லாத இடத்தில் பயன்படும். தினசரி வேலைக்கு லேப்டாப்பை அதில் மாட்டினால், அச்சடிக்கும்போதெல்லாம் இணையம் போய்விடும்.

சேர்ந்தபின் எண்ணைக் கட்டிப்போடுவது. முதலில் பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் நிலைத்தாளை அச்சடியுங்கள். பல மாடல்களில் ‘ஐ’ எழுத்துப் பொத்தான் இதற்குத்தான், திரை உள்ளவற்றில் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். அதில் ஐபி முகவரியும், இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்து எழுதிய பன்னிரண்டு எழுத்து ‘மேக்’ முகவரியும் இருக்கும். ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை என்று அர்த்தம். மேற்கொண்டு போகாமல் மறுபடி வைஃபையில் சேருங்கள்.

எண் ஒழுங்காக இருந்தால், பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. லேன் அல்லது டிஎச்சிபி (எண் வாடகைக்கு விடும் வேலையின் பெயர்) பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’, ‘ஸ்டாட்டிக் லீஸ்’, ‘ஐபி-மேக் பைண்டிங்’ என்று ஏதாவது ஒரு பெயரில் அந்த வசதி ஒளிந்திருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியைக் கொடுத்து, ‘இதற்கு எப்போதும் 192.168.1.50’ என்று எழுதிச் சேமியுங்கள் (முதல் மூன்று எண்கள் உங்கள் ரவுட்டருடையதாகவே இருக்க வேண்டும், ஜியோவில் 192.168.29.50). பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் அந்த எண்ணில் வந்து உட்காரும்.

இணையம் கொடுக்கும் கம்பெனி ரவுட்டரின் அட்மின் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் பிரிண்டர் பக்கத்திலிருந்து செய்யலாம். பிரவுசரில் பிரிண்டரின் ஐபியைத் தட்டினால் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் பின்புற லேபிளைப் பாருங்கள், எப்சன் மாடல்கள் பலவற்றில் சீரியல் எண்ணேதான் பாஸ்வேர்டு. ஐபி அமைப்பை ‘மேனுவல்’ ஆக்கி எண், சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே இடத்தில் ரவுட்டரின் எண் ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். ரவுட்டர் வாடகைக்கு விடும் எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். அது 100 முதல் 200 வரை விடுகிறது என்றால் 50 பத்திரம். உள்ளே இருக்கும் எண்ணைப் பிடித்தால், என்றாவது ஒரு நாள் அதே எண்ணை ரவுட்டர் இன்னொரு கருவிக்கும் கொடுக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளும்.

இப்போது லேப்டாப். செட்டிங்ஸில் புளூடூத் அண்டு டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ் போய் பழைய பதிவுகளை எல்லாம் நீக்குங்கள். ‘ஆட் டிவைஸ்’ அமுக்கினால் அது தேட ஆரம்பித்துப் பிரிண்டரைக் காட்டும். அவசரப்பட்டு அதைத் தொட வேண்டாம். தானாகக் கண்டுபிடித்தால் பல நேரம் ‘டபிள்யூஎஸ்டி’ என்ற போர்ட்டில் (லேப்டாப் பிரிண்டருக்கு அனுப்பும் வழி) உட்கார்ந்துகொள்கிறது. தூங்கி எழும் பிரிண்டர்களோடு அதற்கு ஒத்துப்போவதில்லை. சில விநாடி பொறுத்தால் கீழே ‘மேனுவலாகச் சேர்’ என்ற வரி வரும். அதில் ஐபி முகவரி வழியாகச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, டிவைஸ் வகையில் ‘டிசிபி/ஐபி டிவைஸ்’ என்று வைத்து, 192.168.1.50-ஐத் தட்டுங்கள். கம்பெனி டிரைவரை முன்பே நிறுவியிருந்தால் பட்டியலில் மாடல் இருக்கும். முடிந்ததும் டெஸ்ட் பேஜ் ஒன்று.

இவ்வளவு செய்தும் பிரிண்டர் விழித்திருக்கும்போதே ஆஃப்லைன் என்றால், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் என்ற தாவலில் ‘கான்ஃபிகர் போர்ட்’ திறந்து ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நிலையைக் கேட்கும் அந்தக் கேள்விக்கு வீட்டுப் பிரிண்டர்கள் சில பதில் சொல்வதில்லை. சொல்லாததை விண்டோஸ் ‘ஆள் இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது.

‘விண்டோஸே டீஃபால்ட் பிரிண்டரை முடிவு செய்யட்டும்’ என்ற சுவிட்சும் பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ் பக்கத்தில் இருக்கிறது, அதை அணையுங்கள். கடைசியாக எதற்கு அனுப்பினீர்களோ அதையே டீஃபால்ட் ஆக்குவது அதன் வழக்கம். ஒரு முறை பிடிஎஃப் ஆகச் சேமித்தால் அடுத்த பிரிண்ட்டும் பிடிஎஃப் பக்கம் போய்விடும், நீங்கள் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அனுப்பியது வரிசையில் சிக்கி, அழிக்கவும் முடியாமல் ‘டெலீட்டிங்’ என்றே நிற்பது தனி ரகம். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் திறந்து அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பிறகு ஸ்பூலரை ஓடவிடுங்கள்.

பல வீடுகளில் இருக்கும் இன்னொரு சிக்கல் இரட்டை ரவுட்டர். ஃபைபர்காரர் மாட்டிய பெட்டியிலும் வைஃபை இருக்கும். ‘உள் ரூமுக்கு எட்டவில்லை’ என்று வாங்கிய சொந்த ரவுட்டரும் ஓடும். பிரிண்டர் முதல் பெட்டியில், லேப்டாப் இரண்டாவதில். இரண்டு ஐபியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு தெரு. இரண்டையும் ஒரே பெட்டியில் மாட்டுங்கள், அல்லது சொந்த ரவுட்டரை, தானாக எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் நீட்டித் தரும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றுங்கள். இரண்டாவதுதான் நிரந்தரத் தீர்வு.

இணையக் கம்பெனியை மாற்றும்போது புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். பிரிண்டர், டிவி, போன் எல்லாம் ஒன்றும் நடக்காதது போல வந்து சேரும். மேலே சொன்ன ரிசர்வேஷனைப் புது ரவுட்டரில் திரும்பச் செய்ய வேண்டும்; அதன் ஐபி வரிசை வேறாக இருந்தால் பிரிண்டரை லேப்டாப்பில் புது எண்ணில் மறுபடி சேர்க்கவும் வேண்டியிருக்கும், பிரிண்டரிலேயே எண்ணை மேனுவலாகக் கொடுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

ஓஎம்ஆர் ஐடி கம்பெனி கொடுத்த லேப்டாப்பில்தான் பிரிண்டர் வரவில்லை, சொந்த லேப்டாப்பில் வருகிறது என்றால் உங்கள் நெட்வொர்க்கை நோண்டாதீர்கள். லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும்போது வீட்டு நெட்வொர்க்கிலுள்ள கருவிகளை அடைத்துவிடுவது வழக்கம். விபிஎன்னைத் துண்டித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டிரைவர் நிறுவ அட்மின் அனுமதியும் அங்கே இருக்காது. ஐடி துறையிடம் கேட்பதுதான் வழி.

எல்பிபி2900-க்கு வருவோம். டிடிபி கடைகளில் தேய்த்த வண்டி அது, டோனர் எங்கும் கிடைக்கும், தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அதற்கு யூஎஸ்பி தவிர வேறு வழி கிடையாது. பிசிஎல் போன்ற பொதுமொழிகளும் தெரியாது, கேனானின் ‘கேப்ட்’ டிரைவர் சொன்னால்தான் புரியும். பக்கத்தை வரைந்து தயாரிக்கும் வேலை முழுவதும் கம்ப்யூட்டரின் தலையில். அதனால்தான் ‘எந்தப் பிரிண்டரையும் வைஃபை ஆக்கும்’ என்று விற்கும் குட்டிப் பெட்டிகளை இதற்காக வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். போனிலிருந்தும் நேரடியாக அச்சடிக்க முடியாது. 64 பிட் கேப்ட் டிரைவர் விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் ‘புரொடெக்டட் பிரிண்ட் மோடு’ என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். டீஃபால்ட்டாக அது அணைந்திருக்கும், அணைந்தே இருக்கட்டும். போட்டால் இது போன்ற கம்பெனி டிரைவர்களை எல்லாம் ஓரங்கட்டிவிடும்.

பொதுவாக வைக்க ஒரே நடைமுறை வழி, எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் அதை மாட்டிப் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷேர்’ செய்வது. அந்தக் கம்ப்யூட்டரும் மற்றவையும் நெட்வொர்க் வகையில் ‘பிரைவேட்’ என்று இருக்க வேண்டும். ‘பப்ளிக்’ என்றிருந்தால் ஃபயர்வால் மறைத்துவிடும். சேர்க்கும்போது 0x0000011b என்று பிழை வந்தால், அது 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டின் விளைவு. விண்டோஸின் உள் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு வரி போட்டு அந்தப் பாதுகாப்பையே அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். முதலில் இரண்டு கம்ப்யூட்டரையும் முழுதாக அப்டேட் செய்யுங்கள். அப்படியும் வந்தால் இரண்டாவது கம்ப்யூட்டரில் கேப்ட் டிரைவரை நிறுவி, ‘லோக்கல் போர்ட்’ ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதன் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, முதல் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, ஷேர் பெயர் என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். இதெல்லாம் ஆகாது என்று தோன்றினால் கலர், போன் வேலைகளுக்கு இங்க் டேங்க், மேஜை லேப்டாப்பின் கறுப்பு வெள்ளைக்கு லேசர் என்று பிரித்துக்கொள்வதில் தப்பே இல்லை.

லேசரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். டோனரை உருக்கித் தாளில் பதிக்கும் ஹீட்டர் சூடாகும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும். வீடுகளில் உள்ள 600 விஏ யூபிஎஸ் தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். கீச்சென்று கத்திவிட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைக்கும். நேரே சுவர் பிளக்கில், எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கில் போடுங்கள். இங்க் டேங்க்குக்கு இந்தக் கவலை இல்லை, மிகக் குறைந்த கரண்ட்தான்.

ஆனால் அதற்கு வேறு ஒரு விரதம் உண்டு. சுவர் சுவிட்சில் அணைக்கக் கூடாது. பிரிண்டரின் பொத்தானை அமுக்கினால் இங்க் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும், அதன் பிறகே சுவர் சுவிட்ச். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் அணைத்தால் ஹெட் திறந்தபடி நடுவழியில் நின்று, சித்திரை வெயிலில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். வாரம் ஒரு கலர்ப் பக்கமாவது எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எதிர்ப் பிரச்சினை. தாள் ஈரம் குடித்து இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும், சிக்கும். அச்சடிக்கிற அளவுக்கு மட்டும் டிரேயில் வைத்து, மீதி ரீமைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

அச்சு வருகிறது, ஆனால் ஓரம் வெட்டுப்படுகிறது என்றால் தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருக்கிறதா பாருங்கள். லெட்டர் 216 x 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210 x 297. டிரைவரிலும் ஒருமுறை, வேர்டிலும் ஒருமுறை மாற்ற வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று போன்ற தமிழ் பிடிஎஃப்கள் திரையில் சரியாகத் தெரிந்து தாளில் கொம்பும் காலும் பிரிந்து வந்தால், அக்ரோபேட் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். பக்கம் வர ஒன்றிரண்டு விநாடி கூடுதலாக ஆகும், எழுத்து திரையில் தெரிந்தபடியே வரும்.